உள்ளிருந்து திறக்கும் கம்பி

லௌதோகா,
ஆகஸ்ட் 14

அன்பு மகள் வசிதிக்கு,

நீயும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்த அளவுக்குக் கடவுள் கைவிடவில்லை. போன ஞாயிறு போனில், ஜன்னல் கம்பி வேலை என்ன ஆயிற்று, ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகிறாய் என்று கோபித்துக்கொண்டாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் இல்லாவிட்டாலும் வாயால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். பக்கத்து வீட்டு சலோத்தேயின் மகள் புதன்கிழமை விமானத்தில் உன் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மார்ச்சில் அப்பா பஸ் நிலையத்துக்குப் போய், ராக்கிராக்கி போகிற பஸ்ஸில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், ஏறினவர்களும் ஒன்றும் கேட்காமல் அவரிடம் பஸ் கட்டண அட்டையை நீட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லி நாம் சிரித்தோம். ஜூனில் கரும்பு ரயில் தண்டவாளத்தோடு நடந்துபோய், அலையாத்திக் காட்டுச் சேற்றில் இடுப்பளவு நின்றாரே, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் நீ முடிவாகச் சொன்னாய், ஜன்னலுக்கெல்லாம் கம்பி போடு, கதவுக்கு வெளியே பூட்டுப் போடு, நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் எண் அழுத்தினால்தான் கதவு திறக்கும், அப்படி வைத்தால்தான் காப்பாற்ற முடியும் என்று. சரி என்றேன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

வெல்டிங் ஆள் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாதம்மா. முதலில் வந்தவர் சர்க்கரை மில்லில் வேலை செய்கிறவர், சனிக்கிழமை வந்து டேப் பிடித்து ஒவ்வொரு ஜன்னலையும் இரண்டு தடவை அளந்தார், டீ குடித்தார், ரொட்டி சாப்பிட்டார், அப்புறம் ஆளே இல்லை. போன் செய்தால் வந்துகொண்டே இருக்கிறேன் என்பார். இரண்டாவது ஆள் ஒரு கம்பிச் சட்டம் செய்து மாட்டிவிட்டுப் போனார், பற்றவைத்த இடமெல்லாம் கோழி எச்சம் மாதிரி இருந்தது, கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க ஈரத் துணியை அதில் சுற்றி இழுத்தேன், ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. அப்பா வந்து, யார் வீட்டு வேலைக்காரி நீ, இவ்வளவு களைப்பாக இருக்கிறாயே, வீட்டுக்குப் போ என்றார்.

சூரஜ்பாலைச் சொன்னது சலோத்தேதான். மில்லுக்குப் பின்னால் இருக்கிறார், ஐம்பது வயது இருக்கும், பழைய வேனில் மிஷினை ஏற்றிக்கொண்டு தனியாக வருவார், சொன்ன நாளில் வருவார் என்றாள். அப்படியே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், எதற்குக் கம்பி, திருடனுக்கா என்று கேட்டார். இல்லை, இவருக்கு என்று அப்பாவைக் காட்டினேன். ஜன்னல் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, செய்கிறேன், ஆனால் எல்லா ஜன்னலும் உள்ளேயிருந்து திறக்கிற மாதிரிதான் கீல் வைத்துச் செய்வேன் என்றார். உள்ளேயிருந்து திறந்தால் அப்புறம் கம்பி எதற்கு என்று நான் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. "திறக்காத கம்பி நான் அடிக்கிறதில்லம்மா. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லி டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேனை எடுத்துவிட்டார். என் வீட்டில் நின்றுகொண்டு எனக்கே சட்டம் சொல்கிறாரே என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

இனி எழுதுவதைத்தான் போனில் சொல்ல முடியாமல் இருந்தேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, சர்ச்சில் பெண்கள் கூட்டம். மூன்று வாரமாக நான் போகவில்லை. சலோத்தேயும் என்னோடு வருவதால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு மணி நேரம்தானே என்று ஜன்னல்களைச் சாத்தி வெளியே ஆணி அடித்தேன், இரண்டு கதவையும் துணி காயப்போடுகிற கயிற்றால் வெளியிலிருந்து கட்டினேன். ஆமாம், வசிதி, நான்தான் கட்டினேன். கூட்டத்தில் உட்கார்ந்து பாடும்போது, ரொம்ப நாளைக்குப் பிறகு தோள் லேசாக இருந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. திரும்பி வந்தால் சமையலறைக் கூரை இடுக்கில் புகை வருகிறது. கயிற்றின் முடிச்சு இறுகிவிட்டது, என் விரலுக்கு வரவில்லை, பல்லால் கடித்தேன், சலோத்தே ஓடிப்போய்க் கத்தி கொண்டுவந்து அறுத்தாள். அப்பா டீ போட அடுப்பைப் பற்றவைத்துக் கெட்டிலை வைத்திருக்கிறார், தண்ணீர் வற்றிக் கெட்டில் கருகி, பக்கத்தில் இருந்த துணி புகைந்துகொண்டிருந்தது. வீடு எரியவில்லை. துணியைத் தண்ணீரில் போட்டோம், அவ்வளவுதான். ஆனால் அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தட்டவில்லை, கூப்பிடவில்லை. கண்ணில் நீர் வழிய, கையைக் கட்டிக்கொண்டு, யாராவது திறப்பார்கள் என்று பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நன்றி சொன்னார்.

அன்று மதியமே சலோத்தேயை அவரோடு உட்கார வைத்துவிட்டு சூரஜ்பால் வீட்டுக்கு நடந்தே போனேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு, முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் சொன்னபடியே செய்யுங்கள் என்றேன், நடந்ததையும் சொன்னேன். அவர் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டார். பிறகு கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க அக்கா வீட்டுக்கு நான்தாம்மா கம்பி அடிச்சேன். திருடன் பயம்னு சொன்னா, அதனால நல்லா கெட்டியா அடிச்சேன். தீப்பிடிச்சப்ப அதை வெட்டறதுக்கு மிஷினைத் தூக்கிக்கிட்டு ஓடினதும் நான்தான். மூணு கம்பி வெட்டினேன். நாலாவது வெட்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."   மறுபடி முகமூடியை இறக்கிக்கொண்டே, நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றார்.

ஒன்பது நாள் வேலை. மனிதரை அடைக்கிறதென்றால் வீட்டை அடைக்காதீர்கள், மனையைச் சுற்றி அடையுங்கள் என்றார். வீட்டுக்குள் எல்லாம் திறக்கும், ஜன்னல் கம்பி ஒரு ஊசித் தாழைத் தூக்கினால் கதவு மாதிரி வெளியே போகும், என் கையால் பத்துத் தடவை திறந்து காட்டச் சொன்னார், சலோத்தேயையும் திறக்க வைத்தார். வேலியைச் சுற்றி என் தோளுயரத்துக்குச் சட்டம் வைத்து அடைத்தார், தெருப்பக்கம் ஒரு கேட், அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் தாழ்வாக இருக்கிறது, இடுக்கில் கைவிட்டு எடுக்க வேண்டும். அப்பா மேலேதான் தேடுகிறார், கீழே தேடத் தெரியவில்லை. சமையலறைப் படியிலிருந்து ஈரப்பலா மரத்தைச் சுற்றித் திரும்பிப் படிக்கே வருகிற மாதிரி ஒரு கைப்பிடிக் குழாயும் போட்டுக்கொடுத்தார், அது நான் கேட்காதது. முனையெல்லாம் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருக்கிறார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நடக்கிறார். அடுப்புக்கு வரும் கேஸ் குழாயில் சாவி போட்டால்தான் திறக்கிற ஒரு திருகு வைத்து, சாவியை என் கழுத்தில் மாட்டியாயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நேற்று கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, போகிறவர்களிடமெல்லாம், இந்தப் பெண்பிள்ளை என்னை விடமாட்டேன் என்கிறாள் என்று புகார் சொன்னார். தெருவில் போகிற ஒருத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மரத்தடியில் பாய் போட்டு இரண்டு மணி நேரம் தூங்கினேன், பகலில். கயிறு கட்டினதற்கு என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, ஆனால் ஒரு தடவையோடு முடித்துக்கொள். நீ சொன்னதால்தான் அப்படிச் செய்தேன் என்று மட்டும் நினைத்து அழாதே. முடிச்சுப் போட்டது என் கை.

அங்கே இப்போது குளிர்காலம், பிள்ளைகளுக்குக் காலுறை போடாமல் பள்ளிக்கு அனுப்பாதே. உன் முதுகுவலிக்கு அந்த எண்ணெயைத் தேய், கிழவர்களைத் தனியாகத் தூக்காதே, இன்னொருவரைக் கூப்பிடு. நீ செய்கிற வேலைக்குக் கடவுள் உன் கைகளுக்குப் பலம் தரட்டும், உன் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றே ஒன்று, மறக்காதே. போனில் அப்பா வந்ததும், நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்காதே. நீ வைத்த பிறகு அன்று முழுக்க அவர் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார். நீயே பேரைச் சொல்லிவிட்டு, மழை பெய்கிறதா என்று கேள். அதற்கு அவருக்குப் பதில் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மெரேயானி