தெரியாதவர்கள் போல

இன்று காலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் தலையில் மரிக்கொழுந்து இருந்தது. அக்கா, காலையில் உங்களுக்கு முன்னால் நம் அலுவலகத்துக்குள் வந்துவிடும் வாசனை அது. திரும்பிப் பார்த்தேன். காட்டூரில் நாம் பல வருடங்களாகப் போய்வந்த வீட்டுப் பெண். அவளுடைய தம்பி எந்த நாட்களில் தூங்காமல் நடப்பான் என்பதும், அப்போதெல்லாம் அவள் எங்கே போய் அழுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். காவிரிப் பாலம் முடியும்வரை நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"வெளியில பாத்தா அவங்க முதல்ல சிரிக்கட்டும். அதுவரைக்கும் நமக்கு அவங்க யாரோ." நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் சொன்னது. வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று தெரு அறிந்துவிட்டால் பெண் எடுக்கத் தயங்குவார்கள், வாடகைக்கு வீடு தரத் தயங்குவார்கள். நம்மோடு பேசுவதைப் பார்த்தாலே யாராவது ஊகித்துவிடலாம்.

மருத்துவமனையில் மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வோடுதான் நீங்கள் வேலையைத் தொடங்கினீர்கள். அவர்களை அழைத்து வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்த அம்மாக்களையும் அக்காக்களையும் பார்த்த பிறகு உங்கள் ஆய்வே அவர்களைப் பற்றியதாக மாறியது. அரியமங்கலத்திலும் காட்டூரிலும் அதே குடும்பங்களை வருடா வருடம் போய்ப் பார்த்தீர்கள். பெரிய நகரத்து வேலை ஒன்று தேடி வந்தபோது, "நான் போயிட்டா இவங்க வேற ஆளுக்குக் கதவத் தெறப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட்டீர்கள். இத்தனை வருடமாக எந்தக் குடும்பமும் ஏன் ஆய்விலிருந்து விலகவில்லை என்று உங்கள் கட்டுரையைப் படித்த ஓர் ஆய்விதழ் விளக்கம் கேட்டது. "ரோட்டுல பாத்தா கண்டுக்காம போயிடுவோம்னு எழுதிடலாமா?" என்று சிரித்தீர்கள்.

தெப்பக்குளம் பக்கம் ஒரு துணிக்கடையில் நடந்தது நினைவிருக்கிறதா? அரியமங்கலத்துப் பெண் ஒருத்தி, மகளைப் பெண் எடுக்கப்போகும் சம்பந்தி வீட்டாரோடு நம் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் சட்டென்று ஒரு பட்டுப்புடவையை விரித்து என்னிடம், "இது என் மாமியாருக்குப் பிடிக்குமாடி?" என்றீர்கள். கல்யாணமே செய்துகொள்ளாத உங்களுக்கு மாமியார்! அடுத்த முறை அவள் வீட்டுக்குப் போனபோது கதவைச் சாத்திவிட்டுத்தான் அவள் பேசினாள். "ஏன் மேடம், நீங்க பாத்த பார்வையில எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நாம பழகினோமா இல்லையான்னு! சரி, மாமியார் புடவை என்னாச்சு?" அன்று மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

போன ஆடியில் மாரடைப்பு வந்து நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் வாசலில் ஷாமியானா போட்டு நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. ஓசூரிலிருந்து வந்திருந்த உங்கள் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வேலை வேலைன்னு ஓடினா. கடைசியில பாருங்கம்மா, நாலு பேர் இல்ல."

எதிர்ச்சாரியில் அவர்கள் நின்றிருந்தார்கள், அக்கா, நாம் போய்வந்த வீட்டுப் பெண்கள். ஒருத்தி இளநீர் வண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே இருந்தாள், வாங்கவில்லை. ஒருத்தி பூட்டிய கடையின் படியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்று துணிக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்தவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் நின்றாள், அந்தத் தெருவில் பஸ் வராது. அவர்களுக்குள்ளும் ஒருவரை ஒருவர் தெரியாது. அவர்கள் அத்தனை பேரையும் அறிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

"நிறைய பேர் இருக்காங்கண்ணா" என்றேன்.

"எங்கம்மா?"

நான் பார்க்கும் திசையில் அவரும் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததையே தன் கேள்விக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீடுகளுக்கு நான் தனியாகத்தான் போகிறேன். கதவு சாத்திய பிறகு உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அழுகிறார்கள். வெளியே வந்து செருப்பை மாட்டியதும் உங்களைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் இல்லை. உங்களை நேசித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருடைய தோளில்கூட நான் தெருவில் கை வைக்க முடியாது.

நேற்று உங்கள் அண்ணன் போன் செய்தார். வருஷத் திதி வருகிறது. சமையலுக்குச் சொல்ல வேண்டுமாம். குரல் தளர்ந்திருந்தது.

"அவளுக்குன்னு யாராவது வருவாங்களாம்மா? இருந்தா சொல்லுங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

ஒரே ஒரு பெயர் போதும், அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்.

"நான் வரேண்ணா."

"நீங்க ஒருத்தர்தானா?"

"ஆமாண்ணா" என்றேன். "நான் மட்டும்தான்."