பெயர் தெரியாத தாய்க்கு ஒரு நன்றிப் பூசை

டூட்டிங், லண்டன்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் மேரிசாந்திக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அலபாமாவில் நீயும் மருமகன் றஜீவும் பேத்தி டிலக்சனாவும் அப்படியே இருக்க வேண்டுமென்றுதான் எங்கள் செபம். அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது, கடைக்கு நடந்துபோய் முருங்கைக்காய் விலைக்குச் சண்டை பிடித்துவிட்டு வருகிறார்.

போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. டிலக்சனாவின் வகுப்பில் முக்கால்வாசி கறுப்புப் பிள்ளைகள், எங்கடை ஆக்கள் எல்லாரும் பிறைவேட் பள்ளிக்கூடத்துக்கு மாத்துகினம், நாங்களும் மாத்துவம் என்று றஜீவ் ஒற்றைக்காலில் நிற்பதாகச் சொன்னாய். அதற்கு என் பதில் இன்றுதான் கிடைத்தது, அதுவும் நான் விட்ட ஒரு பிழையால். காலைப் பூசையில், இன்று யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளை வாசிப்பது நான்தானே. கோவிலில் எங்களுக்கு முன் வாங்கில் இருக்கும் பியற்றிஸ், பெயர் தெரியாத ஒரு தாய்க்காகப் பூசை கேட்டிருந்தார். செத்த ஆளாக்கும் என்று நினைத்து ஆன்ம இளைப்பாற்றிக்கு வாசித்துவிட்டேன். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது, நன்றிப் பூசை கேட்டால் ஆளையே சாகடிச்சுப் போட்டாயே என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மகள், பியற்றிஸ் பிறந்தது நீ இருக்கும் அலபாமாவிலாம், எனக்கு இன்றுதான் தெரியும். கறுப்புப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்று கோர்ட் சொன்ன காலத்தில், பத்து வயதில் அந்த வகுப்புக்குப் போன ஒரே கறுப்புப் பிள்ளை. வெள்ளைப் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், தங்களுக்கென்று பிறைவேட் பள்ளிக்கூடமும் திறந்தார்களாம். ஒரு வெள்ளைத் தாய் மட்டும், வாசலில் நின்று ஏசுகிற சனத்துக்கு நடுவே தன் மகளைக் கையில் பிடித்து வந்து, பியற்றிஸின் பக்கத்தில் இருத்திவிட்டுப் போவாராம். பியற்றிஸோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, பெயரும் சொன்னதில்லை. அவ தன்ரை பிள்ளையை எடுத்திருந்தால் நானும் படிப்பை விட்டிருப்பன், நர்ஸாகி லண்டனுக்கு வந்திருக்கமாட்டன் என்றார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வாங்கிலும் நான் சாதியால் தரையிலும் இருந்து படித்தது உனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் பிள்ளையை இருத்தவில்லை. ஆனாலும் அந்த முகம் தெரியாத மனிசிக்கு நான் நன்றிக் கடன்பட்டவன். இங்கே நீ பிறந்த அன்று, பாஷை தெரியாமல் பயந்து அழுத அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்த நர்ஸ் பியற்றிஸ்தானே. நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது.

றஜீவோடு சண்டை பிடிக்காதே, நல்ல பிள்ளை, பெற்ற பயத்தில் சொல்கிறார். இதை அவருக்கும் வாசித்துக் காட்டு. முடிவு உங்களுடையது. மூவரையும் தேவமாதா காக்கட்டும், ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு ஓடாதே. வருகிற ஞாயிறும் பியற்றிஸ் நன்றிப் பூசை கேட்டிருக்கிறார். டிலக்சனாவின் பள்ளிக்கூடக் கதையை நான் சொன்னதும், அந்தத் தாயோடு உன் பெயரையும் சேர்ப்பமோ என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கோ, மகளின்ரை பதில் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
செபமாலைமுத்து