பாரிஸ் சிறுத்தை

ஆடி 14, செவ்வாய்

இன்று எங்கள் ஓர்ஸ் ஹில் பகுதியில் வீடு வீடாக ராணுவச் சோதனை. எங்கள் வீட்டுக்கு வந்த ஆமிக்காரன் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பாரிசிலிருந்து தங்கச்சி அனுப்பிய கிறிஸ்டல் சிறுத்தையைக் கையில் எடுத்தான். நல்ல கைவேலை. ஆனால் உடம்பில் புள்ளியும் இல்லை, வரியும் இல்லை.

“இது புலியா?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

“பூனை, மாத்தயா,” என்று சிங்கள மரியாதையோடு சொன்னேன். புலி என்றால் இயக்கத்து ஆட்கள் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

“வடிவான பூனை.” சிரித்துக்கொண்டே, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

கந்தோரால் வேலை முடிந்து வந்த என் கணவரிடம் சொன்னேன். “உடனே கிணத்துக்குள்ள போடும்!” என்று கத்தினார். போட்டேன். தண்ணீருக்குள் அது கண்ணுக்கே தெரியவில்லை. இனி எடுக்கவும் ஏலாது.

இப்போது அலுமாரியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அவன் திரும்பி வந்தால் பூனை எங்கே என்றுதான் கேட்பான்.

வெறும் பூனையை யாராவது ஒளிப்பார்களா?