குருவி குடிவந்த மண்சுவர்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி ஒரு குறைவும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் படுக்கப் போவதற்குள் சமாதானமாகி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் "பரவால்லம்மா, விடும்மா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை, அதனால் நிதானமாக எழுதுகிறேன், நீயும் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படி.

பறவைகள் சரணாலயத்துக்கு நான் வரைந்து கட்டுகிற பார்வையாளர் மையம் பற்றி, எப்படிம்மா போகுது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய், நானும் போகிறது என்பேன். உண்மையில் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. வண்டி நிறுத்தும் இடத்துக்காகத் தோண்டிய மண்ணையே சுவருக்குப் போட்டுவிட்டோம், இரண்டு பக்கமும் பலகை அடைத்து நடுவில் ஈரமண்ணைக் கொட்டி இடித்து இடித்து இறுக்கினால் கல்லாக நிற்கிறது, வெளியிலிருந்து ஒரு லாரி செங்கல் வரவில்லை. கூரைக்கு ஏரியில் வருஷாவருஷம் எப்படியும் அறுத்துத் தள்ளுகிற நாணல், உத்தரத்துக்குப் புயலில் சாய்ந்த மரங்கள். சரணாலயக் கமிட்டிக்காரர்கள் ஏரியைப் பார்த்த மாதிரி முழுக் கண்ணாடிச் சுவர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கண்ணாடியில் தெரிகிற வானத்தை நிஜம் என்று நம்பிப் பறவைகள் வந்து மோதிச் சாகும், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அதையா காட்டப் போகிறீர்கள் என்று நானும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் குறுகலான ஜன்னல்களும் வெளியே மரச்சட்டமும் என்று முடிவாயிற்று. உன் அம்மாவிடம் வாய் கொடுத்து யார் மீண்டார்கள்.

பகலெல்லாம் இப்படிக் கத்திக்கொண்டு போய்விடும். ஆட்கள் கிளம்பிய பிறகுதான் கஷ்டம். வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் நானும் வரைபட மேசையும்தான். அளவுகளை வாய்விட்டுப் படிக்கிறேன், ஒரு குரலாவது கேட்கட்டுமே என்று. அப்பா போன பிறகு வீட்டில் இருக்க முடியாமல்தானே இங்கேயே தங்கி வேலை பார்க்கிறேன் என்று வந்தேன், வந்த இடத்திலும் அதே கதைதான். ஒரு ஆளுக்குச் சமைப்பது பெரிய தண்டனை, எப்படிப் போட்டாலும் மிஞ்சுகிறது. இதையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் அங்கே உனக்குத் தூக்கம் வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மண் இடிக்கும்போது பலகைகளைத் தாங்கச் சுவருக்குள் குறுக்குக் கட்டைகள் கொடுப்போம், பிறகு அவற்றை உருவிவிட்டால் வரிசையாக ஓட்டைகள் நிற்கும். அன்றைக்கே அடைச்சிடலாம்மா என்று மேஸ்திரி சொன்னார். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, சுவர் காயட்டும், நிறம் ஒத்துப்போகிற மாதிரி அப்புறம் அடைக்கலாம் என்றேன். போன வாரம் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பார்க்கிறேன், மேல்வரிசை ஓட்டை ஒன்றில் ஒரு குருவி போவதும் வருவதுமாக இருக்கிறது. ஆட்கள் ஊர் விட்டு ஊர் வந்து படம் பிடிக்கிற பெரிய பறவை எதுவும் இல்லை, எந்தத் தெருவிலும் இருக்கிற சாதாரணச் சிட்டுக்குருவி. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் உள்ளே நாரும் இறகும் மெத்தை மாதிரி, அதன்மேல் முட்டைகள்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. கூடு எங்கே இருந்தாலும், எந்தப் பறவையுடையதாக இருந்தாலும், குஞ்சு பறந்து போகும்வரை பக்கத்தில் வேலை நடக்கக் கூடாது. அந்தச் சுவர்மேல்தான் உத்தரம் உட்கார வேண்டும். குஞ்சு பறப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும், மழையில் நாணல் வேய முடியாது, கூரை அடுத்த கோடைக்குத்தான். அப்புறம் ஏது திறப்பு விழா? நீ டிக்கெட் எடுத்திருப்பதே அந்த விழாவுக்குத்தான். வருஷத்தில் உனக்குக் கிடைக்கிற லீவும் அந்த ஒன்றுதான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், கூட்டை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கீழே இறங்கி ஒரு கை மண்ணைப் பிசைந்து எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். ஒரு நிமிஷ வேலை, ஓட்டை இருந்த அடையாளமே தெரியாது, நீ வந்துவிடுவாய். அதற்குள் தாய்க்குருவி திரும்பி வந்து உள்ளே அடைகாத்துக்கொண்டு இருந்தது, என்னைப் பார்த்தும் நகரவில்லை. அப்பன்குருவி பலகைமேல் உட்கார்ந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டியது. என்னால் முடியவில்லை, வாலு. மண்ணைக் கீழே போட்டுவிட்டு சரணாலய அதிகாரிக்குப் போன் செய்து கூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே மேடம்" என்றார். எனக்குத் தெரியுமே சார் என்றேன். மேஸ்திரி ஆட்களை வேறு இடத்து வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பேச ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஆட்கள் போனதற்காக இல்லை, நீ வர மாட்டாயே என்று.

விழா தள்ளிப்போனது தெரிந்ததும் நீ டிக்கெட்டையும் தள்ளிப் போடுவாய், அதுதான் புத்திசாலித்தனம், நான்தான் உன்னை அப்படி வளர்த்தேன். ஆனால் ஒன்று கேள். அந்த விழாவில் எனக்கு என்ன இருக்கிறது, நாலு பேர் பேசுவார்கள், ஒரு சால்வை போடுவார்கள். அதைச் சாக்காக வைத்துத்தான் உன்னைக் கூப்பிட்டேன். சும்மா என்னைப் பார்த்துவிட்டுப் போ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது சாக்கு போய்விட்டது, அதனால் நேராகவே கேட்கிறேன். வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. தார்ப்பாய் போர்த்திய பாதிச் சுவர் இருக்கும், மழை இருக்கும், நான் இருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். குளிரில் தலைக்குத் துணி இல்லாமல் வெளியே போகாதே. டிக்கெட்டை மாற்றாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா