என் தலையில் சொட்டிய கூரை

ஜூன் 4

இன்று என் மானம் கப்பலேறியது. சாப்பிட்ட மயக்கத்தில் ஒப்பந்தக்காரர் பில்கள் மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டேன். விழித்தால் பில்லில் ஈரம். எங்கள் தணிக்கைக் குழுத் தலைவி, வயதில் எனக்குத் தங்கை, "சார், வாயைத் தொடைச்சுக்கங்க" என்றார். அறையே சிரித்தது. இனி சாகும்வரை நான் 'எச்சில் ஆடிட்டர்'தான்.

ஜூன் 5

கடவுள் இருக்கிறார்! மதியம் அதே நாற்காலியில் விழிப்பாகவே இருந்தேன். வழுக்கையில் டொக்கென்று ஒரு சொட்டு. கூரை ஒழுகுகிறது! வெளியே தூறல். போன மாதம்தான் இந்த மொட்டைமாடிக்கு ஒழுகாத பூச்சு பூசியதாகப் பில் வாங்கியிருக்கிறார்கள். நான் தூங்கியதும் அந்தப் பில் மேல்தான்!

"பாத்தீங்களா மேடம்? எச்சில் என்னோடது இல்ல, கான்ட்ராக்டரோடது."

இம்முறை எல்லோரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

ஜூன் 6

பூச்சு முடிந்ததென்று சான்று கொடுத்தவர் இந்த அலுவலகத்துப் பொறியாளர். மாதக் கடைசியில் ஓய்வு. "நானே பக்கத்துல நின்னு பூச வெச்சேன் சார். ஒருதரம் மேல வந்து பாருங்க" என்று கெஞ்சினார். சேர்ந்து போய்ப் பார்ப்பதுதான் விதியும்கூட. முட்டிவலி என்றேன்.

முட்டிவலியாவது ஒன்றாவது! தினமும் சாப்பாட்டு டப்பா கழுவ, மாடிப்படி உச்சியில் வேறு யாரும் தொடாத கழுவுதொட்டிவரை ஏறுகிறவன்தான். அங்கிருந்து மொட்டைமாடிக் கதவு கையெட்டும் தூரம். மழை, புதுச் செருப்பு... அதோடு, தலையிலேயே சொட்டியபின் சாட்சி எதற்கு?

ஜூன் 7

'பூசாத பூச்சுக்குப் பில்' என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அளந்துவிட்டேன்.

"ஏங்க, மேல ஏறிப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"என் தலையே பாத்துச்சு."

"அது என்னிக்கு ஒழுங்காப் பாத்திருக்கு?"

ஜூன் 19

பொறியாளரை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். வரவேண்டிய ஓய்வூதியமும் நிறுத்திவைப்பு. வாசலில் எதிர்ப்பட்டார். திட்டுவார் என்று பார்த்தேன்.

"சொட்டினது நெஜம் சார், நானும் பாத்தேன். பூசினதும் நெஜம். எப்படின்னுதான் புரியல."

திட்டியிருக்கலாம். நான் பொய்யா எழுதினேன்? சொட்டியதா, இல்லையா? சொட்டியதே!

ஜூன் 23

சளி. இரண்டு நாள் விடுப்பு. கொட்டோ கொட்டென்று மழை. அறை குளமாகியிருக்கும்.

ஜூன் 25

அறை காய்ந்து கிடக்கிறது.

"அந்த மழைக்கும் ஒரு சொட்டு விழல சார், ஆச்சரியம்!" என்றார் தலைவி.

மதியம் சாப்பிட்டேன். மேலே போய் டப்பா கழுவினேன். வந்து உட்கார்ந்தேன்.

டொக்.

மறுபடி மேலே ஓடினேன். தொட்டிக்கு அடியில், கழுவிய தண்ணீர் போகும் குழாயில் விரிசல். எங்கள் அறைக்கு நேர் மேலே. கதவைத் திறந்து முதல்முறையாக மொட்டைமாடியில் கால் வைத்தேன். பூச்சு, முகம் பார்க்கலாம் போல.

இறங்கி வந்து தலைவி முன்னால் நின்றேன்.

"என்ன சார்?"

நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அந்தப் பழைய சிரிப்பு அவர்கள் முகத்தில் தயாராக இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா?

"ஒண்ணுமில்ல மேடம்."

சொல்லித் தொலைத்திருக்கலாமே! நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 30

பொறியாளர் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய நாள். மாலையும் இல்லை, மேடையும் இல்லை. அறிக்கை அப்படியே இருக்கிறது.

டப்பாவை இப்போதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் கழுவுகிறேன்.