டிஸ்க்கில் வைத்த பொட்டு

செப்டம்பர் 12, வெள்ளி

முன்சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அவசியமே இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சி பிளாக் ஹரிஹரன் சார் சர்வீஸ் செய்கிறேன் என்று தன் ரோடு பைக்கை அக்கக்காகப் பிரித்துவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தார். வீடு காலி செய்யும்போது அட்டைப்பெட்டிகளில் போட்டுக் குப்பைத்தொட்டி பக்கம் வைத்துவிட்டார். நான் எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். "உங்களால முடியாதும்மா" என்றார். ஆடி, ஆவணி முழுக்க போனில் வீடியோ பார்த்து, தப்பாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி... இப்போது அது சைக்கிள். எந்தத் திருகு எங்கே, எவ்வளவு இறுக்கம் என்று வீட்டுக்கணக்கு எழுதுவது போலவே எழுதி வைத்திருக்கிறேன்.

லிஃப்டில் எதிர்வீட்டு வசந்தா: "இன்னா அம்சா, கையெல்லாம் கருப்பு? மெக்கானிக் ஷாப் வெச்சிகினியா?"

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டுவிட்டேன் — இந்த மாதம் ஒரு சனிக்கிழமை, நான் பூட்டிய சைக்கிளில் நானே மிதித்து மாமல்லபுரம் போய்த் தலசயனப் பெருமாளைச் சேவிக்கிறேன் என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கே போனாலும் இவர் வண்டியின் பின்சீட்டுதான். கோயிலுக்கும் அப்படித்தான். ஒரு தடவையாவது என் காலால் போகக் கூடாதா?

இவரிடம் சொன்னேன். சிறுசேரிக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். சிரித்தார்.

"வேன் கீது, ஷேர் ஆட்டோ கீது, பஸ்ஸு கீது. நாப்பத்தி மூணு வயசுல சைக்கிள்ள போய்தான் கோவிந்தா போடணுமா?"

செப்டம்பர் 20, சனி

முதல் சனி. பெருமாளுக்குத் தளிகை போட்டேன். மழை. போகவில்லை.

செப்டம்பர் 27, சனி

உப்பளம் தாண்டவில்லை, செயின் கழன்று விழுந்தது. தள்ளிக்கொண்டே கேளம்பாக்கம் வீட்டுக்கு வந்தேன். தப்பு எங்கே என்று சாயங்காலத்துக்குள் பிடித்துவிட்டேன். பின் கியர் ஒயர் தளர்ந்திருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம்... மாதம் நிற்குமா?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நான் வடை தட்டிக்கொண்டிருந்தபோது இவர் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பொரி, பூசணிக்காயோடு இறங்கிப் போனால் — வேனுக்குப் பக்கத்தில் என் சைக்கிள்! நான் சொல்லவே இல்லை. பளபளவென்று துடைத்து, மாலை போட்டு, சக்கரத்தின் நடுவில் பிரேக் பிடிக்கிற டிஸ்க் தகட்டில் கூட சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம்.

"அதுவும் வண்டிதானே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கண் நிறைந்துவிட்டது. கற்பூரத்தை அவர் கையாலேயே காட்டச் சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

விழுந்துவிட்டேன்.

டிஸ்க்கில் இருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கோவளம் திருப்பத்தில் ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். கீச்சென்று கத்தியதே தவிர, நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. மணல்மேட்டில் ஏற்றிச் சாய்ந்தேன். அது இல்லையென்றால் ஆட்டோவுக்கு அடியில். முட்டி, முழங்கை போச்சு. மற்றபடி உயிரோடு இருக்கிறேன், பெருமாளே.

இவர் டெட்டால் போட்டுவிட்டார். அப்புறம் கத்தினார். "நீயே பூட்டுன வண்டி. நட்டநடு ரோட்ல பிரேக் புடிக்கல. நாளைக்கு நீ போய்ட்டா நான் யார கேக்கறது? அடுத்த ஞாயித்துக்கிழம பழைய சாமான்காரன் வருவான். எடுத்துக் குடுத்துருவேன்."

நான்தானே பூட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

பிரேக்கை முழுசாகக் கழற்றி மாட்டினேன். நேற்றும்தான். எழுதி வைத்த கணக்கு ஒன்று விடாமல் சரியாக வருகிறது. பிரேக் மட்டும் பிடிக்கவில்லை.

வர வேண்டாம் என்கிறாயா, பெருமாளே? அப்படியென்றால் செயின் விழுந்த அன்றைக்கே புரிகிற மாதிரி சொல்லியிருக்கலாமே. சாதம் குழைந்துவிட்டது. சாம்பாருக்கு உப்பு போட்டேனா என்றே தெரியவில்லை.

ரக்ஷா காலேஜிலிருந்து வந்து, "ம்மா, அதையே மொறச்சிகினு ஒக்காந்திருந்தா பிரேக் புடிச்சிருமா?" என்றாள். எரிந்து விழுந்தேன். பாவம் பெண்.

அக்டோபர் 8, புதன்

இன்று ஒரு வீடியோவில் சொன்னான். டிஸ்க் கத்திக்கொண்டு வழுக்கினால், அதைக் கவ்விப் பிடிக்கிற பேடில் எண்ணெய் ஏறியிருக்கும். நெருப்பில் காட்டினால் புகையாக வெளியே வரும். சரி, நான் போட்ட க்ரீஸ்தான் அதில் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேடை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன்.

புகை வந்தது. வாசனையும் வந்தது. க்ரீஸ் வாசனையா இது?

இவர் ஹாலிலிருந்து, "இன்னா அம்சா, தோச ஊத்துறியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். இடுக்கியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

"க்ரீஸு" என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

"க்ரீஸு நல்லெண்ண வாசன அடிக்குமா?"

அடுப்பை அணைக்கக் கூடத் தோன்றவில்லை. ஆயுத பூஜை அன்று நான் விளக்கு துடைத்துப் போட்ட எண்ணெய்த்துணி. அதை வைத்துத்தான் இவர் டிஸ்க்கையும் பளபளவென்று...

"வண்டி ஓட்டறவன் நானு, எனக்குத் தெரிய வேணாமா" என்றார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

என் கையில் தப்பு இல்லை. நான் பூட்டியது சரிதான். குதிக்க வேண்டாமா நான்? முடியவில்லை. இத்தனை மாதத்தில் அவராக அந்த சைக்கிளைத் தொட்டது அந்த ஒரே நாள். இனிமேல் தொடுவாரா?

அக்டோபர் 9, வியாழன்

இவரிடம் சாமான்காரனைப் பற்றிக் கேட்கப் பயம்.

அக்டோபர் 10, வெள்ளி

விளக்கேற்றப் போனால் பெருமாள் படத்துக்கு முன்னால் சின்னப் பொட்டலம். புது பேட், இரண்டு ஜோடி. டிரிப்புக்கு நடுவில் எங்கே போய் அலைந்தாரோ. அளவு சரியாக இருந்தது. பழையதில் ஒன்றைக் காணவில்லை என்று காலையில் தேடினேனே! அதைத்தான் எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுசை மாட்டினேன். பார்க்கிங்கில் ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். முதலில் வழவழவென்று போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. மேலே பார்த்தால் பால்கனியில் இவர். உடனே உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 11, சனி

கடைசிச் சனி. விடிவதற்குள் குளித்துவிட்டுக் கீழே போனேன். எனக்கு முன்னால் இவர் அங்கே, கையில் குங்குமச்சிமிழ்.

"எங்க வெக்கலாம்? எங்க வெக்கக்கூடாது? நீயே சொல்லு."

கைப்பிடியின் நடுவைக் காட்டினேன். ஒரு விரலால் வைத்தார். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், எதிலாவது பட்டுவிடும் என்பது போல.

"வேன்ல பின்னாடி வரட்டுமா?"

"வேணாங்க."

"ம்" என்றார்.

உப்பளம், கோவளம், திருவிடந்தை, பட்டிபுலம். நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றது. சேவித்தேன். வாய் திறந்து எதுவும் கேட்கத் தோன்றவில்லை. துளசி வாங்கிக்கொண்டு மிதித்துத் திரும்பி வந்துவிட்டேன். தொடை இரண்டும் கல்.

அக்டோபர் 12, ஞாயிறு

பழைய சாமான்காரன் வந்தான். "சைக்கிள் ஒண்ணு கீதுன்னியே அண்ணாத்த?" என்று கீழே கேட்பது மேலே வரை கேட்டது.

இவர் ரிப்பேரான டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "அதுவா? அது ஓடற வண்டிப்பா."