சேலையின் மறுதலைப்பு

புதுச்சத்திரம்
12.10.1984

அன்புள்ள தம்பி மருதாசலத்துக்கு அக்கா எழுதுவது. அமெரிக்காவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் மச்சானுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுக்கொண்டே வருகின்றன. சேலத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஏம்புள்ள, உந்தம்பி எப்ப வாரானாம்? நான் இருக்கறப்பவே இணைச்சீரைச் செஞ்சுபோடோணும்" என்கிறார். உனக்குப் பேசியிருக்கும் பெண், வெண்ணந்தூர் பெரியநாயகி வீட்டில் தை மாதக் கல்யாணத்துக்குச் சம்மதம்.

உன் கல்யாணத்தில் இணைச்சீரின்போது சீர்ச்சேலையின் ஒரு தலைப்பை நீயும் மறுதலைப்பை நானும் பிடித்து நிற்கவேண்டும். தாயில்லாத உன்னை இடுப்பில் சுமந்தவள் வேறென்ன கேட்டேன்? கழுத்தில் தாலி இருக்கும்வரைதான் எனக்கு அந்த உரிமை. வந்துவிடு சாமி.

உன் அக்கா
சென்னியம்மாள்

4.11.1984

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் தையில்தான் தொலைநோக்கி என் முறைக்கு வருகிறது. வெகுதூரத்து விண்மீன் கூட்டம் ஒன்றின் நடுவில் இரண்டு ராட்சதக் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று நம்புகிறேன். அவற்றை நேராகப் பார்க்க முடியாது. அங்கிருந்து வரும் ஒளியைப் பிரித்தால் இரண்டு மேடுகள் தெரிகின்றன. சுற்றுவது நிஜமென்றால் அவை வருஷத்துக்கு வருஷம் நகரவேண்டும். இந்தத் தையை விட்டால் கணக்கு அறுந்துவிடும். அடுத்த தைக்குக் கட்டாயம் வருகிறேன்.

தம்பி மருதாசலம்

புதுச்சத்திரம்
2.3.1985

தம்பிக்கு,

வெண்ணந்தூர்க்காரர்கள் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள். உன் மச்சானும் காத்திருக்கத்தான் பார்க்கிறார். "கண்ணுக்கே தெரியாதது ஒத்தையா சோடியான்னு பாக்கவா புள்ள அவன் அத்தனை தூரம் போனான்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

சென்னியம்மாள்

28.11.1985

அக்காவுக்கு,

எல்லா வருஷத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டு முடித்தேன். மேடுகள் அசையவேயில்லை. ஒற்றைக் கருந்துளையைச் சுற்றும் வாயுவே அப்படி இரண்டாகக் காட்டுமாம். ஜோடி இல்லை அக்கா. இன்னும் பத்து வருஷம் பார்க்கலாம் என்கிறார் பேராசிரியர். எனக்குத் தெம்பில்லை.

டிக்கெட் வாங்கிவிட்டேன். தை பிறந்ததும் வருகிறேன். சேலையை நீயே எடுத்து வை. மச்சானிடம் சொல்.

மருதாசலம்

புதுச்சத்திரம்
14.12.1985

தம்பிக்கு,

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் உன் மச்சான் போய்விட்டார். தந்தி வேண்டாமென்று நான்தான் சொன்னேன். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

கல்யாணம் தையிலேயே நடக்கட்டும். பெண் வீட்டாரை இனியும் காக்கவைக்க முடியாது. சேலை எடுத்தாயிற்று, அரக்கு நிறம். சித்தப்பா மகள் ராசம்மாள் மறுதலைப்பைப் பிடிப்பாள்.

பந்தலில் என்னைத் தேடாதே. 'அக்காதான் நிற்கவேண்டும்' என்று அடம் பிடிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம் சாமி. நீ கூப்பிட்டால் நான் வந்து நின்றுவிடுவேன். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் ஊர் என்னைத்தான் சொல்லும்.

சென்னியம்மாள்